'மெட்ராஸ்' பெயரில் ஒரு நரம்பு நோய்: டாக்டர் ராமமூர்த்தி கட்டிய வார்டில் கிடைத்த துப்பு!

'மெட்ராஸ் ஐ' எல்லோருக்கும் தெரியும். கண் சிவந்தால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிடுவோம். சில நாளில் சரியாகிவிடும். ஆனால், மருத்துவ உலகில் மெட்ராஸ் பெயரைத் தாங்கிய இன்னொரு நோயும் இருக்கிறது. அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் வரும். வந்த பிறகு போகாது. அதன் பெயர் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்'.

1970-ல் 'நியூராலஜி இந்தியா' இதழின் சிறப்பிணைப்பில் நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. மெட்ராஸில் இளம் வயதினரிடம் காணப்படும் மோட்டார் நியூரான் நோய் பற்றியது. எழுதியவர்கள் மூன்று பேர்: ஈ.மீனாட்சிசுந்தரம், கே.ஜெகந்நாதன், பி.ராமமூர்த்தி. இந்த வரிசையில் கடைசியாக இருக்கும் பெயர்தான் அன்றைக்கு நாடறிந்த பெயர். இந்திய நியூரோசர்ஜரியின் முன்னோடிகளில் ஒருவர் என்று இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்லும் டாக்டர் பாலசுப்பிரமணியம் ராமமூர்த்தி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ராமமூர்த்தி அறுவை சிகிச்சை நிபுணர். மண்டை ஓட்டைத் திறந்து கட்டியை எடுப்பவர். மோட்டார் நியூரான் நோயிலோ எடுப்பதற்கு எதுவுமே கிடையாது. கத்திக்கு வேலையே இல்லாத ஒரு நோயின் வரலாற்றில் ஒரு சர்ஜனின் பெயர் எப்படி வந்தது? அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சீர்காழி டு நியூகாசில்

1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தார் ராமமூர்த்தி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தார். 1947-ல், நாடு சுதந்திரம் வாங்கிய அதே வருடம், எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தார்.

அன்றைக்கு இந்தியாவில் மூளைக்கென்று தனி அறுவை சிகிச்சைத் துறையே கிடையாது. வயிற்றை ஆபரேஷன் செய்யும் அதே சர்ஜன்தான், வேறு வழியில்லை என்றால் தலையையும் தொடுவார். அந்தத் துறையைப் படித்துவிட்டு வர இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்குப் போனார். அங்கே தலைக்காய சிகிச்சையில் பேர் பெற்ற ரோபாத்தமிடம் பயிற்சி. பிறகு கனடாவின் மான்ட்ரியாலில், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று வரைபடம் போட்ட வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள்.

அவர் திரும்புவதற்குள், 1949-ல், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையைத் தொடங்கியிருந்தார். 1950 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜெனரல் ஹாஸ்பிட்டலில், சுருக்கமாக ஜி.எச்.சில், ராமமூர்த்தி தொடங்கினார். வயது 28. இன்றைய கணக்கில் சொன்னால், நம்மில் பலர் இரண்டாவது கம்பெனிக்கு மாறலாமா என்று யோசிக்கும் வயது.

ஸ்கேன் இல்லாத காலம்

இன்றைக்குத் தலைவலி நாலு நாள் நீடித்தால் சி.டி. எடுத்துவிடுகிறோம். உலகின் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971-ல்தான், லண்டனில். அதற்கு முன்னால் மூளைக்குள் கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய, முதுகுத் தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இல்லையென்றால் கழுத்து ரத்தக் குழாயில் நேராக ஊசியைக் குத்தி மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். இரண்டுமே நோயாளியைப் படுத்தி எடுக்கும். ஆகவே, அதற்கும் முன்னால் டாக்டரின் கையும் கண்ணும்தான் முதல் கருவி. சுத்தியலால் முழங்காலைத் தட்டுவது, நாக்கை நீட்டச் சொல்வது, கண் எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று பார்ப்பது. நரம்பு மருத்துவத்தில் இதற்கு இன்றும் மரியாதை இருக்கிறது. அன்றைக்கு வேறு வழியே இல்லை.

அப்படிப் பார்க்கப் பார்க்க, மெட்ராஸ் வார்டில் ஒரு விஷயம் தெரிய ஆரம்பித்தது. மேல்நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் நோயாளியும் இங்கே கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியும் ஒன்றல்ல. மூளையில் கட்டி என்று திறந்தால், பல பேருக்கு அது புற்றுநோயாக இருக்காது. காசநோய்க் கிருமி மூளைக்குள் போய் உருட்டிய கட்டியாக இருக்கும். 'ட்யூபர்குலோமா' என்பார்கள். மேற்கே அது அரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே தினசரிப் பிரச்னை. இதை எப்படி அடையாளம் காண்பது என்று ராமமூர்த்தியும் வரதராஜனும் எழுதிய கட்டுரை 1961-ல் அமெரிக்க நியூரோசர்ஜரி இதழில் வெளியானது.

என் பார்வையில், அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் இதுதான். வெளிநாட்டில் கற்றதை இங்கே செய்து காட்டுவது ஒரு வகைத் திறமை. இங்கே பார்ப்பது அங்கே இல்லை என்று கவனித்து, அதை எழுதி வைப்பது வேறு வகை. இரண்டாவதற்கு ஆபரேஷன் தியேட்டர் மட்டும் போதாது. ஒரே கூரையின் கீழ் நரம்பு நோயாளிகள் சேர வேண்டும், நரம்பு மருத்துவரும் சர்ஜனும் ஒரே கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும், எழுதினால் வெளியிட ஒரு இதழ் வேண்டும்.

அவற்றையெல்லாம் அமைப்பதில் அவர் பங்கு பெரியது. 1951-ல் ஜேக்கப் சாண்டி, பல்தேவ் சிங், எஸ்.டி.நரசிம்மன், ராமமூர்த்தி என நாலு பேர் சேர்ந்து இந்திய நியூராலஜிக்கல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதன் இதழ்தான் 'நியூராலஜி இந்தியா'. ஜி.எச்.சில் அவர் ஆரம்பித்த பிரிவு, பின்னால் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் நியூராலஜியாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன்களில் ஒருவரான டி.எஸ்.கனகா வளர்ந்ததும் அந்தச் சூழலில்தான்.

எல்லாமே பாராட்டும்படி இருந்தது என்று சொல்ல முடியாது. 1960-70களில் இந்தக் குழு, மூளையின் 'அமிக்டலா' பகுதியில் சின்னதாகக் காயம் ஏற்படுத்தி, கட்டுக்கடங்காத ஆவேசம் கொண்ட நோயாளிகளை அமைதிப்படுத்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தது. உலகின் பல இடங்களில் அப்போது அது நடந்துகொண்டிருந்தது. நோயாளியின் சம்மதம் பற்றிய இன்றைய அளவுகோலை வைத்தால், அந்த அத்தியாயம் சங்கடமான கேள்விகளை எழுப்புகிறது. அவரைப் பற்றிய புகழுரைகளில் இது பெரும்பாலும் ஒரு சாதனையாக மட்டுமே கடந்து போகிறது.

சரி, மோட்டார் நியூரான் என்றால் என்ன?

நீங்கள் இப்போது போனை ஸ்க்ரோல் செய்கிறீர்களே, அந்தக் கட்டைவிரலை அசைக்க இரண்டு கட்ட வேலை நடக்கிறது. மூளையில் இருக்கும் ஒரு நரம்புச் செல் முதுகுத் தண்டு வரை கட்டளையை அனுப்பும். அங்கிருந்து இன்னொரு நரம்புச் செல் அதை வாங்கித் தசைக்குக் கொடுக்கும். இந்த இரண்டும்தான் மோட்டார் நியூரான்கள். கால் விரலை அசைக்கும் நியூரானின் இழை, முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதம் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். ஒற்றைச் செல், ஒரு மீட்டர்! அந்த நீளம் முழுக்கப் புரதங்களையும் சக்தியையும் சுமந்துபோக உள்ளுக்குள்ளேயே ஒரு சரக்குப் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் செல் செத்தால், அதற்குப் பதில் இன்னொன்று பிறப்பதில்லை. கட்டளை வராத தசை மெலிந்து, துடித்து, கடைசியில் அசையாமல் போகும்.

இதை 'ஏ.எல்.எஸ்.' என்ற பெயரில் முறையாக விளக்கியவர் பிரான்ஸின் ழான்-மார்த்தன் ஷார்கோ, 1869-லிருந்து 1874-க்குள். ஸ்டீபன் ஹாக்கிங் மூலம் நமக்கெல்லாம் தெரிந்த நோய் இது. ஹாக்கிங் அரை நூற்றாண்டுக்கும் மேல் அதோடு வாழ்ந்தது அபூர்வமான விதிவிலக்கு. வழக்கமாக நடுத்தர வயதில் அல்லது அதற்கும் பிறகு வரும். மூச்சுத் தசைகள் வரை பரவி, பலருக்கு இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் உயிரை எடுத்துவிடும்.

மெட்ராஸ் வார்டுக்கு வந்த இளைஞர்களின் கதை வேறு மாதிரி இருந்தது. பெரும்பாலும் 30 வயதுக்குள். ஒரு கையோ காலோ முதலில் மெலியும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. முகத் தசை தளரும். நாக்கு சுருங்கும், பேச்சு குழறும், விழுங்குவது சிரமமாகும். கூடவே இன்னொன்று: காது கேட்காமல் போகும். ஷார்கோ விளக்கிய நோயில் காதுக்கு வேலையே இல்லை. அதைவிட ஆச்சரியம், இவர்கள் சீக்கிரத்தில் இறந்துபோகவில்லை. நோய் மெதுவாக நகர்ந்தது. பலர் வருடக்கணக்கில், ஏன் பத்தாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒரு நோயாளி தனியாக ஒரு ஊரில் ஒரு டாக்டரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலியோவின் மிச்சம் என்று ஒருவர் சொல்லியிருப்பார். பிறவிக் குறை என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். காது ஒரு டாக்டரிடம், கை ஒரு டாக்டரிடம் என்று பிரிந்து போயிருக்கும். செங்கல்பட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வருபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடமாக ஒரு நரம்பியல் பிரிவு இருந்ததால்தான், இது தனித்தனி துரதிர்ஷ்டம் இல்லை, ஒரே மாதிரியான ஒரு நோய் என்று தெரிந்தது.

சர்ஜனுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. கழுத்து எலும்பு தண்டுவடத்தை நசுக்கினாலும் கை மெலியும். அதை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம். மோட்டார் நியூரான் நோயை ஆபரேஷன் செய்தால் பலன் இல்லை, சிரமம் மட்டும்தான். எப்போது கத்தியை எடுக்கக் கூடாது என்று தெரிவதும் சர்ஜரியில் பாதி.

பெயர் நிலைத்தது எப்படி?

ஜெகந்நாதன் இதைத் தொடர்ந்து எடுத்துச் சென்றார். ஜான் ஸ்பில்லேன் தொகுத்து 1973-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட வெப்பமண்டல நரம்பியல் நூலில், இளம் வயது மோட்டார் நியூரான் நோய் பற்றிய பகுதி அவருடையது. 1988-ல் பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த கௌரி தேவியும் சுரேஷும் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் தங்கள் நோயாளிகளை விவரித்தபோது 'மெட்ராஸ் வகை' என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள். 1996-ல் ஊர் சென்னையாக மாறியது. நோயின் பெயர் மாறவில்லை.

2008-ல் நிம்ஹான்ஸின் நளினி குழு வெளியிட்டதுதான் பெரிய கணக்கு: 1971 முதல் 2007 வரை 36 வருடத்தில் 116 நோயாளிகள். நாட்டின் மிகப் பெரிய நரம்பியல் மருத்துவமனைகளில் ஒன்றிலேயே வருடத்துக்குச் சராசரியாக மூன்று பேர்தான். அவ்வளவு அரிது. பெரும்பாலானவர்கள் கர்நாடகா, தமிழ்நாடு, ஆந்திரப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். வேறு நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பதிவாகியிருக்கிறது.

ஏன் தென்னிந்தியா? இதுதான் இன்னும் அவிழாத முடிச்சு.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

ராமமூர்த்தி 71 வயதில் இருந்தபோது, 1993-ல், ஏ.எல்.எஸ். ஆராய்ச்சியில் முதல் கதவு திறந்தது. பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் 'எஸ்.ஓ.டி.1' என்ற மரபணுவில் பிழை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணு தயாரிக்கும் புரதம் சரியாக மடியாமல், செல்லுக்குள் கட்டிகட்டியாகச் சேர்ந்து நியூரானுக்கு விஷமாகிறது. 2006-ல் இன்னொரு துப்பு: ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே, செல்லின் கருவுக்குள் இருக்க வேண்டிய 'டி.டி.பி.-43' என்ற புரதம் வெளியே வந்து குவிந்து கிடந்தது. உள்ளே அதன் வேலை நடக்கவில்லை, வெளியே அது குப்பை. 2011-ல் 'சி9ஓ.ஆர்.எஃப்.72' மரபணு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரம்பரை ஏ.எல்.எஸ்.ஸுக்கு இதுதான் முதன்மைக் காரணம். ஆசியாவில் இது மிகக் குறைவு. மறுபடியும் அதே பாடம்தான்: அங்கே எழுதிய புத்தகம் இங்கே பாதிதான் பொருந்துகிறது.

காரணம் தெரிந்தால் மருந்து வரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கென்றே, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் 'டோஃபெர்சன்' மருந்தை 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. முதுகுத் தண்டு நீரில் ஊசியாகச் செலுத்துவது. முதல் மரபணுவுக்கும் இந்த மருந்துக்கும் இடையே 30 வருடம்.

மெட்ராஸ் நோய்க்கு வருவோம். இங்கே ஒரு கட்டத்தில் பெரிய நம்பிக்கை பிறந்தது. பிரவுன்-வயலெட்டோ-வான் லாயர் என்று மூன்று டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த ஓர் அரிய நோய் உண்டு. அதிலும் இளம் வயதிலேயே காது போகும், முகமும் நாக்கும் தளரும், கை கால் மெலியும். அச்சு அசல் மெட்ராஸ் நோயின் சாயல். 2010-லிருந்து அதன் காரணம் தெளிவானது: ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2-வை செல்லுக்குள் கொண்டுபோகும் புரதங்களின் மரபணுக்களில் பிழை. பி2 இல்லாமல் செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது. அப்படியென்றால்? அதிக அளவில் பி2 கொடுத்தால் போதுமே! கொடுத்துப் பார்த்தார்கள். பல குழந்தைகள் தேறினார்கள். நரம்பியலில் இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

மெட்ராஸ் நோயும் இதேதான் என்றால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஒரு வைட்டமின்தான் மருந்து. நளினி குழுவும் லண்டனின் ஹென்றி ஹூல்டன் குழுவும் சேர்ந்து நோயாளிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. அந்தப் பிழை இவர்களிடம் இல்லை. மெட்ராஸ் நோய் வேறு நோய்.

ஏமாற்றம்தான். ஆனால், 1970-ல் மூன்று பேர் கையால் தொட்டுப் பார்த்து, இது புத்தகத்தில் இருக்கும் நோய் இல்லை என்று எழுதினார்களே, அதற்கு மரபணு அளவில் ஓர் ஆதரவும்கூட. எல்லோரும் ஏற்கும்படியான ஒரே காரண மரபணு இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

குடும்பத்துக்குள் ஒரு துப்பு

பெரும்பாலான நோயாளிகளுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் கிடையாது. ஆனால், 2006-ல் தென்னிந்தியாவைச் சேர்ந்த 15 குடும்பங்களில் ஒருவருக்கு மேல் இருப்பதாக நிம்ஹான்ஸ் குழு எழுதியது. அவற்றில் சில, சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க் கல்யாணத்துக்கே போகலாம். ஈசிஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் மாலையை வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாக மறுபடி வருவார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் வந்திருப்பார்கள். அதில் பார்க்கப்படாதது ஒன்றுதான்: இரண்டு பேரிடமும் ஒரே மரபணுவில் ஒரே பிழை இருக்கிறதா?

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்றில் பிழை இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும்; வெளியே ஒன்றும் தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் அதே பிழை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதான பிரதிகள் சேர 25 சதவிகித வாய்ப்பு. அத்தை மகன் - மாமன் மகள் என்றால் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன் - அக்கா மகள் என்றால் நாலில் ஒரு பங்கு. சின்னக் குடும்பத்தில் ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் வந்தால், அது பரம்பரை என்றே யாருக்கும் தோன்றாது. மெட்ராஸ் நோயில் 'தனி ஆள்' என்று எழுதப்பட்ட பலரும் இந்த வகையாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதனால்தான். இது யாருடைய கல்யாணத்தையும் குறை சொல்வதற்காக இல்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலான குடும்பங்களில் குழந்தைகள் ஆரோக்கியமாகத்தான் பிறக்கிறார்கள். ஆராய்ச்சியாளருக்கு அந்தக் குடும்பங்கள் முக்கியம். மறைந்திருக்கும் மரபணு வெளியே தெரிவதற்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

கடைசி வருடங்கள்

1973-ல் ராமமூர்த்திக்கு பத்மபூஷண். அரசுப் பணிக்குப் பிறகு அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி பெயரில் நியூரோசர்ஜரி மையத்தை உருவாக்கினார். ஓஎம்ஆரில் ஐடி வேலைக்குப் போகிறவர்கள் டைடல் பார்க் பக்கம் தினமும் கடக்கும் அதே வி.எச்.எஸ்.தான். பி.என்.டாண்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த நியூரோசர்ஜரி பாடநூல், இந்திய மாணவர்களுக்கு இந்திய நோயாளிகளைக் காட்டியது. 'அப்ஹில் ஆல் தி வே' என்று சுயசரிதை எழுதினார். முதுமையில் யோகம், தியானம், பிரக்ஞை பக்கம் ஆர்வம் திரும்பியது.

2003 டிசம்பர் 13-ல் காலமானார். மனித மரபணு முழுவதையும் படித்துமுடித்ததாக உலக விஞ்ஞானிகள் அறிவித்தது அதே வருடம் ஏப்ரலில். அன்றைக்குக் கோடிக்கணக்கான டாலர் செலவான அந்த வேலையை, இன்று சென்னையில் ஒரு லேபிலேயே ஒரு நோயாளிக்குச் செய்ய முடிகிறது.

இப்போது மருத்துவர்கள் சொல்லும் நடைமுறை இது. இளம் வயதில் இரண்டு காதும் கேட்காமல் போய், கூடவே பேச்சுக் குழறலோ, கை கால் மெலிவோ வந்தால் காது டாக்டரோடு நிறுத்தாமல் நியூராலஜிஸ்ட்டையும் பார்க்க வேண்டும். முதலில் தேட வேண்டியது பி2 போக்குவரத்துப் பிழை, ஏனென்றால் அதற்கு மருந்து இருக்கிறது. மரபணு ரிப்போர்ட் வர வாரங்கள் ஆகும் என்பதால், சந்தேகம் வந்த உடனேயே ரைபோஃப்ளேவினை ஆரம்பித்துவிடுவது வழக்கம். டோஸ் டாக்டர் முடிவு செய்வது. கடையில் வாங்கி நாமே போட்டுக்கொள்ளும் அளவு அல்ல. அந்தப் பிழை இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், மெட்ராஸ் நோயா என்ற கேள்வி எழும். அப்போது நோயாளியின் ரத்தம் மட்டும் போதாது. அப்பா, அம்மா, நோய் இல்லாத அண்ணன் தங்கையின் ரத்தமும் வேண்டும். எந்தப் பிழை யாரிடமிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை.